பேர் பதியப் போகிறார்கள்

எங்கள் சமூகக் கல்லூரியின் ஊழியர் செய்தியை ஏழு வருடமாக நான்தான் எழுதி வருகிறேன். செய்தி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏ4 தாளில் ஒரு பக்கம், விஷயம் கூடினால் பின்பக்கம் பாதி. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அதை அச்செடுத்து, காலையில் வந்ததும் எல்லாரும் கையெழுத்துப் போடும் புத்தகத்துக்கு மேலேயுள்ள பலகையில் குத்துவேன். பிறகு அதையே போனில் படம் பிடித்து ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். படம் எப்போதும் கோணலாகத்தான் விழும். யாரும் குறை சொன்னதில்லை. பெருவிரலை உயர்த்திக் காட்டும் சின்னப் படங்கள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக வரும், அதோடு அந்த மாதத்துச் செய்தி முடிந்தது.

கல்லூரி அட்டனிலிருந்து டிக்கோயா போகிற பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சு வாங்க ஏறும் ஒரு மேட்டில் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் தடுக்கி விழுந்த பிள்ளைகளுக்கும், உயர்தரப் பரீட்சை எழுதியும் பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கும் தையல், கம்ப்யூட்டர், வயரிங், முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி என்று நாலு வகுப்பு. நான் காரியாலயத்தில் கிளார்க். செய்தி எழுதுவது என் வேலையில் சேர்ந்ததில்லை, தலையில் வந்து விழுந்தது. கல்லூரி அதிபர் சிங்களவர், கண்டிப் பக்கத்து மனிதர், நல்லவர். தமிழில் "வணக்கம்", "சாப்பிட்டீங்களா" இரண்டையும் சரியான இடத்தில் சொல்வார். தலைமைக் காரியாலயத்துக் காகிதமெல்லாம் சிங்களத்தில் வரும். அடியில் "தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்" என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பின்னர் இன்றுவரை வந்ததில்லை. ஆகவே அதிபர் காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார், நான் தமிழில் எழுதுவேன், அதுவே தமிழ்ப் பிரதி ஆகிவிடும்.

எனக்கு அதில் கர்வம் இருந்தது. அரசாங்கத் தமிழ் எனக்கு ஆகவே ஆகாது. "மின்பிறப்பாக்கியை அனுமதியின்றிப் பிரயோகித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது" என்று வந்தால் நான் "ஜெனரேட்டரில் யாரும் கை வைக்காதீர்கள்" என்று எழுதுவேன். நிரந்தரமில்லாத ஊழியர்களுக்குக் காகிதத்தில் "அமய ஊழியர்" என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டால் அந்த ஊழியர்களே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் "கைக்காசு ஆட்கள்" என்று எழுதுவேன். தோட்டத்துப் பதிவில் இல்லாமல் அன்றாடம் வேலை செய்து அன்றாடம் காசு வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வது. எங்களிடம் அப்படி ஒன்பது பேர் இருந்தார்கள். "மிஸ் எழுதுனா வெளங்குது" என்று அவர்கள் சொல்வார்கள். அது என் தலையில் நன்றாக ஏறியிருந்தது.

ஆனால் எழுதுவதற்கு நல்லது எதுவும் இருக்காது. வயரிங் சொல்லிக் கொடுத்தவர் டுபாய்க்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் மிஸ் தலவாக்கலைக்கு மாற்றம். காவலாளியின் அம்மா காலமானார், இறுதிக் கிரியை இன்ன தோட்டத்தில், இத்தனை மணிக்கு. போட்டோகொப்பி மெஷினுக்கு மை இல்லை, வினாத்தாளைக் கையால் எழுதவும். மஸ்கெலியா பஸ் நேரம் மாறியிருக்கிறது, தாமதமாக வருபவர்கள் காரணமாகச் சொல்ல வேண்டாம். ஒரு தடவை கம்ப்யூட்டர் அறையில் பூனை குட்டி போட்டதைத் தலைப்புச் செய்தியாகவே போட்டேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பில்லை. ஒரு வருடத்துத் தாள்களை எடுத்துப் புரட்டினால் பிறப்பு என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் தையல் அக்கா. பதினொரு வருடமாகத் தையல் அறையில் உதவியாள். உதவி என்பது காகிதத்தில். ஆசிரியர் பதவிக்கு ஆள் வருவதும் மாற்றம் வாங்கிக்கொண்டு போவதுமாக இருக்க, உண்மையில் பிள்ளைகளுக்கு வெட்டவும் தைக்கவும் சொல்லிக் கொடுத்தது அக்காதான். பதினாலு மெஷின் இருந்தது, ஆறுதான் ஓடும். எந்த மெஷினுக்கு என்ன கோளாறு என்று அவருக்குத்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய வேலைக் கடிதத்தைப் புதுப்பித்து நான் டைப் அடித்துக் கொடுப்பேன். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எனக்குக் கோபம் வரும். ஆறு மாதக் கடிதத்துக்கு என்ன மரியாதை என்று நினைப்பேன்.

அவர் குடும்பம் பக்கத்துத் தோட்டத்தில், எட்டுக் காம்பரா வரிசையாக ஒட்டிய ஒரு லயத்தில் இருந்தது. கணவர், ஒரே மகள். வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே போன். முதல் திங்கட்கிழமை நான் படம் போட்டதும் மகள் அதைப் பெரிதாக்கி அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாளாம், பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்து கேட்பார்களாம். குழுவில் முதல் பெருவிரல் எப்போதும் அந்தப் போனிலிருந்துதான் வரும். மகள் உயர்தரம் முடித்திருந்தாள். எங்கள் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சையில் முதலாவதாக வந்திருந்தாள். புது வகுப்புக்கான பட்டியலில் முதல் வரியில் அவள் பெயரை நான்தான் எழுதினேன்.

கணவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சீனி வருத்தம் முற்றி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் நின்று வேலை செய்ய முடியாது. தோட்டம் அவர் பேரை வெட்டியது.

பேர் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன என்று சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேர் பதிந்தால் நிரந்தரத் தொழிலாளி, குடியிருக்க ஒரு காம்பராவுக்கு உரிமை. பேர் வெட்டினால் அந்த உரிமையும் ஆட்டம் காணும். என் அப்பா ஒரு தோட்டத்துக் காரியாலயத்தில் அந்தப் பேர்களை எழுதிக்கொண்டிருந்தவர். "பேர் பதிஞ்சாச்சுங்க" என்று சொல்ல, தலையில் எண்ணெய் வைத்து, வெற்றிலை கட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு ஆட்கள் வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியே இல்லை.

அவர் பேரை வெட்டிய பிறகு ஒரு மாதத் தொடக்கத்தில் அக்கா சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார். கையில் சாப்பாட்டுப் பெட்டி இல்லை.

"கண்டக்கையா வந்துட்டுப் போனாரு மிஸ்" என்றார். வேலைகளை மேற்பார்வை செய்யும் தோட்டத்து உத்தியோகத்தரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இந்த மாசம் முடியிறதுக்குள்ள வீட்டுல ஒரு ஆளு பேர் பதியணுமாம். இல்லாட்டி காம்பராவ வேற குடும்பத்துக்குக் குடுத்துருவாங்களாம்."

"நீங்க பதியப் போறீங்களா அக்கா?"

"வேற யாரு இருக்கா? அதுலயும் பாருங்க, வார மாசத்தோட எனக்கு நாப்பத்தஞ்சு முடியுது. அதுக்கு மேல புதுசா யாரையும் எடுக்க மாட்டாங்களாம். இப்ப விட்டா விட்டதுதான்." தையல் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "வேலைய விட்டுட்டேன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க மிஸ். கடைசி வெள்ளி வரைக்கும் வாரேன். பிள்ளைங்க பாவாடைய முடிக்கல்ல."

எழுதினேன். என் கையாலேயே எழுதினேன், டைப் அடிக்க மனம் வரவில்லை. அக்கா கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசியில் அதிபரிடம் கொடுப்பதாகச் சொல்லி மேசை இழுப்பறையில் வைத்தேன். அன்று பின்னேரம் முழுக்க எனக்கு யார் மீது கோபம் என்று தெரியாமல் கோபமாக இருந்தது. சாப்பிட்ட பீங்கானைக் கழுவும்போது உடைத்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை தலைமைக் காரியாலயத்திலிருந்து அந்தச் சிங்களக் காகிதம் வந்தது. தலைப்பே போதும்: அனியம் சேவகர்களின் பெயர்களை லியாபதிஞ்சி செய்தல். அனியம் என்றால் நிரந்தரமில்லாதவர். லியாபதிஞ்சி என்றால் எழுதிப் பதிவது. அந்தச் சொல்லின் பின்பாதி எங்கள் பேச்சு மாதிரியே இருக்கிறது. பதிஞ்சி. சிங்களத்தில் அது குடியிருப்பதற்கும் ஆகும், ஒரு இடத்தில் பதிஞ்சி என்றால் அங்கே வீடு வாசலோடு இருக்கிறார் என்று அர்த்தம். காகிதம் அரைப் பக்கம்தான். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், சேவைக்காலம், இவற்றை இரண்டு கிழமைக்குள் அனுப்ப வேண்டும். எதற்காக என்று இல்லை.

நான் அதை இரண்டு முறை வாசித்தேன். எதற்காக என்று இல்லாததை இரண்டாவது முறையில் கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் எழுதினேன். முதல் திங்கட்கிழமை வரை பொறுக்கவும் முடியவில்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக விசேஷ செய்தி என்று ஒன்று போட்டேன், வியாழக்கிழமை காலையில், பெரிய எழுத்தில்:

"கைக்காசு ஆட்கள் எல்லாருக்கும் பேர் பதியப் போகிறார்கள். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கொண்டு வரவும்."

இரண்டே வரி. காகிதத்தில் இருந்ததற்கு மேலே ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. இதை நான் பிறகு பல பேரிடம் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே வாயில் கசந்தது. ஒரு பேச்சைக் கேட்பவர் எந்தக் காதால் கேட்பார் என்று தெரிந்துகொண்டே பேசுபவர், நான் சொன்னது இவ்வளவுதான் என்று கையை விரிக்க முடியாது.

படம் போட்ட நிமிடமே முதல் பெருவிரல் வந்தது. அன்றைக்குப் பெருவிரலோடு நிற்கவில்லை. கும்பிடுகிற கை, பூ, விளக்கு, சாமிப்படம் எல்லாம் வந்தன. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அக்கா ஓடி வந்தார். மெஷின் எண்ணெய் கையோடு வந்தார்.

"நெசமாத்தான் பேர் பதியிறாங்களா மிஸ்?"

இந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பதில்கள் இப்போது எனக்கு மனப்பாடம். காகிதத்தில் காரணம் இல்லை அக்கா, பொறுங்கள். அதிபரிடம் கேட்டுச் சொல்கிறேன் அக்கா. தோட்டத்து இடத்தை விட்டுவிடாதீர்கள் அக்கா. இந்த மூன்றில் எதைச் சொல்லவும் அரை நிமிடம் போதும்.

"எழுதியிருக்கே அக்கா" என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அக்கா கணக்குப் போடுவதில் கெட்டிக்காரி. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். கல்லூரிக்குப் பின்னால் ஊழியர் விடுதியில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. நிரந்தர ஊழியருக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். பேர் பதிந்துவிட்டால் அதைக் கேட்கலாம். லயத்துக் காம்பரா போனால் போகட்டும். அங்கிருந்து மகளுக்கு வகுப்புக்கு நாலு எட்டு. கணவரைப் பகலில் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், புண்ணைத் துடைத்துக் கட்டலாம். "மலையில ஏறிக் கொழுந்தெடுக்க எனக்கு ஏலாதுன்னு இல்ல மிஸ்" என்றார். "ஏலும். ஆனா இந்தப் பதினொரு வருசம் சும்மாப் போயிருமேன்னுதான் இருந்துச்சு." பிறகு எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, "அந்தக் கடுதாசி?" என்று கேட்டார்.

இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்து, அவர் கண்முன்னே நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் இதைவிடச் சந்தோஷமாகச் செய்தது அதிகமில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது பேரும் நல்ல உடுப்பில் வந்தார்கள். காவலாளி சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். கழிவறை சுத்தம் செய்கிற அம்மா பூ வைத்திருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விவரம் எழுதினேன். வரிசையில் நின்றவர்களில் யாரோ, "பெரட்டுக்கு நிக்கிற மாதிரியே இருக்கு" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதுதான் பெரட்டு. அக்கா ஒரு பெட்டி நிறையக் கேசரி செய்து கொண்டு வந்திருந்தார். அதிபருக்கும் ஒரு தட்டில் நான் கொண்டு போனேன்.

என்ன விசேஷம் என்று அவர் சிங்களத்தில் கேட்டார். பேர் பதிகிற சந்தோஷம் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏன் கேட்கிறார்கள் என்று காகிதத்தில் இல்லையே" என்றார்.

"இல்லைதான் சேர்" என்றேன்.

"நல்லதற்காகத்தான் இருக்கும்" என்று கரண்டியை மறுபடி எடுத்தார். அவருக்கும் எனக்கும் அந்த நேரத்தில் ஒரே பயம் வந்தது என்று நினைக்கிறேன். கேசரி இனிப்பாக இருந்தது, வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றி மேலே பேசவில்லை. கேட்டு எழுத ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அவர் எடுக்கவில்லை, எடுங்கள் என்று நான் சொல்லவுமில்லை.

மாதக் கடைசியில் அக்கா கண்டக்கையாவிடம் போய், தனக்குக் காலேஜில் பேர் பதிகிறார்கள், தோட்டத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மாதம் அவருக்கு நாற்பத்தைந்து முடிந்தது. அந்தப் பிறந்தநாளையும் நான் செய்தியில் போட்டேன்.

இரண்டாவது காகிதம் அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. இது ஒரு முழுப் பக்கம், காரணமெல்லாம் விளக்கமாக இருந்தது. செலவைக் குறைக்க வேண்டியிருப்பதால், இணைக்கப்பட்டுள்ள பட்டியலில் பெயர் பதிவு செய்யப்பட்ட எல்லாருடைய சேவையும் இந்த மாதத்தோடு முடிகிறது. சுத்தம் செய்வதற்கும் காவலுக்கும் இனி ஒரு கம்பனி ஆட்களை அனுப்பும். மற்ற வேலைகளுக்கு ஆள் இல்லை. இணைப்பு என்று பின்னால் குத்தியிருந்தது நான் எழுதி அனுப்பிய பட்டியல். என் எழுத்து, என் மை. ஆறாவது வரியில் அக்கா.

அதிபர் கதவை மூடிக்கொண்டு இருந்தார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தமிழில் எழுத வேண்டும். ஏழு வருடமாக எந்தத் தமிழைக் கேலி செய்தேனோ அந்தத் தமிழுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். "அமய அடிப்படையில் சேவையாற்றும் ஊழியர்களின் சேவைகள் நடைமுறை மாத இறுதியுடன் முடிவுறுத்தப்படும் என்பதை இத்தால் அறியத்தருகின்றோம்." ஒரே வரியாக இழுத்து எழுதிப் பலகையில் குத்தினேன். படமும் போட்டேன். முதல் பெருவிரல் உடனே வந்தது. அக்காவின் மகள் வழக்கம்போல வாசிக்கத் தொடங்கும் முன்பே அழுத்தியிருப்பாள்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. காவலாளி பலகை முன் நின்று விரல் வைத்து வாசித்தார். பிறகு எல்லாரும் என் மேசைக்கு வந்தார்கள். "இது என்னா மிஸ் சொல்லுது? பேர் பதிஞ்சதத் தானே?" என்று பூ வைத்த அம்மா கேட்டார்.

இனி ஒளிய இடமில்லை. வாயைத் திறந்து சொன்னேன், "பேர வெட்டிட்டாங்க."

அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒருவரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். காவலாளி, "நீங்க என்னத்த மிஸ் செய்வீங்க, வந்தத எழுதுனீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும் போல இருந்தது.

அக்கா கடைசியாக வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்தக் கடுதாசிய ஒட்டலாமா மிஸ்?"

எந்தக் கடுதாசி என்று நான் கேட்கவில்லை. போன மாதத் திகதி போட்ட அந்தக் கடிதத்தைக் காட்டினால், இவள் வயது முடியும் முன்பே காலேஜை விட்டுவிட்டு வரத்தான் இருந்தாள் என்று கண்டக்கையா நம்புவார், இரங்கி எடுத்துக்கொள்வார் என்று அக்கா நினைத்திருக்கிறார். கூடையிலுள்ள குப்பையை அன்றன்றே எரித்துவிடுகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். கேட்டுப் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் அக்காவோடு தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போனேன். மகளும் வந்தாள். தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. கண்டக்கையா மரியாதையான மனிதர், எனக்கு நாற்காலி போட்டார், என் அப்பாவைத் தெரியும் என்றார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

"வயசு ஏறிருச்சுங்க மிஸ். நான் எழுதுனாலும் மேல வெட்டிருவாங்க. காம்பராவுக்கு ஏற்கெனவே ஆள் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. இவங்களுக்காகத்தான் ரெண்டு கிழமை இழுத்து வச்சிருக்கேன்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார், "வீட்டுல வயசுப் பிள்ளை ஒண்ணு இருக்கே."

"அவ படிக்கிற பிள்ளைங்க" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "எங்க காலேஜ்ல எடுத்தாச்சு. மொதலாவது பேரு அவ பேரு."

"படிக்கட்டும் மிஸ், வேணாங்கல்ல. எங்க இருந்து படிக்கிறது?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டில் ஒரு அறை இருக்கிறது என்று சொல்ல ஒரு கணம் வாய் வந்தது. மூன்று பேர், ஒருவருக்குக் காலில் புண், என் மாமியார், என் கணவர், எல்லாம் அந்த ஒரு கணத்திலேயே கண்ணுக்கு முன் வந்தன. நான் சொல்லவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மகள்தான் பேசினாள். "என் பேரப் பதிங்க" என்றாள். கோபமாகச் சொன்னாள், யாரோ தன்னிடமிருந்து பறிக்க வந்ததைத் தானே தூக்கிக் கொடுப்பது போல. அக்கா அவள் கையைப் பிடித்தார். அவள் உதறவில்லை, பிடித்த கையோடு மேசைக்கு முன்னால் போய் நின்றாள். கண்டக்கையா பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். கொண்டை போட்ட நெடில் எழுத்தா என்று கேட்டார். அவள் திருத்திச் சொன்னாள். மூல சான்றிதழ்களைத் திங்கட்கிழமை கொண்டு வர வேண்டும் என்றார்.

வகுப்பில் சேர அவள் கொடுத்த மூல சான்றிதழ்கள் என் அலுமாரியில் இருந்தன. திங்கட்கிழமை எட்டு மணிக்கு முன்பே அவள் வந்துவிட்டாள், அம்மா இல்லாமல். உயர்தரப் பெறுபேறும் பிறப்புச் சான்றிதழும் இருந்த உறையை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததும் வகுப்புப் பட்டியலில் குறிக்க வேண்டும், அது விதி. அவள் போன பிறகு செய்யலாம் என்று நினைத்தேன். அவள் போகாமல் நின்றாள்.

"வெட்டணும்தானே மிஸ்?"

"பிறகு செய்றேன்மா. நீ போ, நேரமாகுது."

"இப்பவே வெட்டுங்க. பின்னுக்கு இருக்கிற பிள்ளைக்கு எடம் கெடைக்கும்."

பட்டியலை விரித்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் வரியில் அடிமட்டத்தை வைத்தேன். அடிமட்டம் வழுக்கிக்கொண்டே போனது. அவள் கொஞ்சம் குனிந்து, அடிமட்டத்தின் மற்ற முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கோடு நேராக விழுந்தது. "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு உறையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

காத்திருப்போர் பட்டியலில் இருந்த இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். இடத்தை நிரப்ப வேண்டும் என்று அதிபர் சொன்னார். ஆகவே அடுத்த முதல் திங்கட்கிழமை செய்தியை எழுத உட்கார்ந்தேன். தையல் வகுப்பு மறு அறிவித்தல் வரை நடைபெறாது. காவலுக்கு வந்திருக்கும் கம்பனி ஆட்களிடம் ஊழியர்கள் அடையாள அட்டையைக் காட்டவும். பின்பக்க விடுதியின் பூட்டு துருப்பிடித்திருக்கிறது, புதுப் பூட்டு கேட்டு எழுதியிருக்கிறோம். கடைசியாக, என் பழைய தமிழில் ஒரு வரி: "முன்பள்ளி ஆசிரியர் வகுப்பில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. தெரிந்த பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள்."

பலகையில் குத்திவிட்டுப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். வேலை போனவர்களின் எண்களை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும், எனக்கு மனம் வரவில்லை. போனைக் கீழே வைக்கும் முன்பே முதல் பெருவிரல் வந்துவிட்டது. அக்காவின் எண். காலை ஒன்பது மணி, அந்த நேரத்துக்கு மகள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பாள். போனைக் கையில் வைத்திருந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை.